உள்பக்கத்து நிப்பிள்

நிதானம் என்று பேரைச் சொன்னால் அந்த வட்டாரத்தில் தெரியாத ஆள் கிடையாது. வீடு மாற்றுகிறவர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணாடி பீரோவையே ஏற்றினாலும் சரி, தன் மூன்று சக்கர மோட்டார் சைக்கிளை எறும்பு ஊர்கிற மாதிரி ஓட்டிக்கொண்டுபோய்க் கீறல் இல்லாமல் சேர்ப்பார். பின்னால் வருகிறவன் என்ன திட்டினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷருக்கே பொறுமை போகிற வேலை ஒன்று உண்டு. முன்சக்கரத்து சஸ்பென்ஷனுக்குக் கிரீஸ் அடிப்பது.

கிரீஸ் ஏற்ற முன்னால் மூன்று நிப்பிள், குட்டிக் குமிழ் மாதிரி. இரண்டு வெளிப்பக்கம், சமர்த்தாக நிற்கும். மூன்றாவதை எந்தப் புண்ணியவான் வைத்தானோ, அவன் நாசமாய்ப் போக! மட்கார்டு கம்பிக்குப் பின்னால், உள்பக்கமாக ஒளிந்து கிடக்கிறது. கிரீஸ் கன்னின் மூக்கு அதில் உட்காரவே உட்காராது. "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல" என்று மாசாமாசம் புலம்புவார். விட்டுத் தொலைக்கவும் வழியில்லை. காய்ந்துபோனால் சக்கரம் கிறீச் கிறீச் என்று கத்தும், அப்புறம் உள்ளே இருக்கிற புஷ் வளையம் தேய்ந்து ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும்.

அதற்கு வழி கண்டுபிடித்தது அவர் மனைவி. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் கிரீஸ் அடிக்கையில் சும்மா பேச்சுத்துணைக்கு வண்டியில் ஏறி, சீட்டின் முன்விளிம்பில் உட்கார்ந்தாள். ஸ்பிரிங் இறங்கி, நிப்பிள் கம்பிக்குக் கீழே தானாக எட்டிப் பார்த்தது! நிதானம் ஒடிசல் ஆள். அவள் நல்ல பூசின உடம்பு. அன்றிலிருந்து "வா, என் எடைக்கல்லே" என்று அவர் கூப்பிடுவதும், "எடைக்கல்லு இல்லேன்னா உங்க பொழப்பு அந்தரத்துலதான்" என்று அவள் ஏறுவதும் வாடிக்கை. பிள்ளைகள் இல்லாத வீடு. அந்த அரைமணி நேரம் அவர்களுக்கு ஒரு விளையாட்டு.

மழை, லோடு என்று ரெண்டு மாசமாக வேலை தள்ளிப்போயிருந்தது. சக்கரம் கத்த ஆரம்பித்ததும் அன்று காலை அவளைக் கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நாளாகவே தொளதொளவென்று ஒரு அங்கியைத்தான் மாட்டிக்கொண்டு திரிந்தாள். சாப்பிட்டியா என்றால், "உங்களுக்கு முன்னாடியே ஆச்சு". வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால், "வாயு". நன்றாகப் பூசி மெழுகினாள். இவருக்கும் நம்புவது சுலபமாக இருந்தது, நம்பினார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். இவர் சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்துத் தலையை உள்ளே விட்டார். நிப்பிளைக் காணோம்.

"நல்லா உட்காரு."

"உட்கார்ந்துதான் இருக்கேன்."

"இன்னும் முன்னாடி வா."

"இதுக்கு மேல வந்தா ஹேண்டில் மேலதான் உட்காரணும்."

தரை மேடு என்று வண்டியைத் தள்ளி வைத்தார். டயரில் காற்று அதிகம் என்று கொஞ்சம் இறக்கினார். ஸ்பிரிங்தான் இறுகிப்போச்சு என்று எழுந்து, ஹேண்டிலைத் தம் பிடித்து அமுக்கிப் பார்த்தார். ஸ்பிரிங் பாட்டுக்கு வழக்கம்போல இறங்கியது. அதில் ஒரு கோளாறும் இல்லை.

அப்போதுதான் பக்கத்தில் இருந்த அவள் கையைப் பார்த்தார். மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மோதிரம் கழன்று விழாமலிருக்க அதில் நூல் சுற்றியிருந்தாள். 

"எத்தனை நாளா இது?"

"எது? வேலையைப் பாருங்க."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கியே, பாவி!"

"கத்தாதீங்க. கீழ படுங்க, சொல்றேன். உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு எனக்குச் சொல்ல வராது."

படுத்தார். வேறென்ன செய்வார், பாவம்!

"முழுங்க முடியல," என்று மேலேயிருந்து குரல் வந்தது. "கஞ்சித் தண்ணிதான் இறங்குது. நேத்து நீங்க லோடுக்குப் போனப்ப ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேனைப் பார்த்துட்டு, தனியாவா வந்தீங்கன்னு டாக்டர் கேட்டார். வேற ஒண்ணும் சொல்லல. வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கன்னார். எனக்குப் பயமா இருக்குங்க."

 அவர் கிரீஸ் கன்னின் மூக்கைச் சட்டையில் துடைத்தார், துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். 

"டூல் பெட்டியை எடுத்து என் மடியில வைங்க," என்றாள்.

எழுந்து போய் எடுத்து வைத்தார். வண்டி கொஞ்சம் இறங்கியது, போதவில்லை. ஜாக்கியையும் வைத்தார். இரண்டையும் அணைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, அவள் முன்னால் சாய்ந்தாள். அவர் மறுபடி கீழே போனார். கம்பிக்குக் கீழே நிப்பிள் எட்டிப் பார்த்தது. கன் மூக்கை அதில் மாட்டி அடித்தார். பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கியது.

"ஏறுதா?"

"ஏறுது."

"அடுத்த மாசத்துக்கு யாராவது கனமான ஆளாப் பார்த்து வெச்சுக்குங்க."

புதுக் கிரீஸ் பிதுங்கி அவர் கழுத்தில் விழுந்தது. நிறைந்துவிட்டது, இதற்குமேல் வீண். ஆனாலும் அவர் அடித்துக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் அவள் இறங்கிவிடுவாள்.