சங்கத்தின் முடிவு

எங்கள் ஊர் மீனவர் சங்கத்துக்குப் புதிய செயலாளரைத் தெரிவுசெய்யக் கூடிய கூட்டத்துக்கு அத்தான் போகவில்லை. அவருக்குக் காய்ச்சல். சாரத்தைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாயில் கிடந்தார். பின்னேரம் தலைவரும் இன்னும் இரண்டு பேரும் வந்து, எல்லாரும் ஒருமனதாக உங்களைத்தான் தெரிவுசெய்திருக்கிறோம் என்று சொன்னார்கள். அக்கா அவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். அத்தான் எழும்பி உட்கார்ந்து, எனக்கு இதெல்லாம் சரிவராது என்று சொல்லிப் பார்த்தார். சங்கம் முடிவெடுத்துவிட்டது, இனி மாற்ற ஏலாது என்று தலைவர் சிரித்தார். கூட்டத்துக்கு வராத ஆளை ஏன் தெரிவுசெய்கிறார்கள் என்று அப்போதே நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

மட்டக்களப்பில் செட்டிபாளையத்துக்குக் கிட்ட, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் எங்கள் ஊர். எங்கள் பக்கம், எழுவான்கரையில், ஆமிக் காம்ப் இருந்தது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், இயக்கம் இருந்தது. இரண்டையும் பெயர் சொல்லிப் பேச ஒருவருக்கும் துணிவில்லை. இக்கரையில் இருப்பவர்கள் ‘இவங்க’, அக்கரையில் இருப்பவர்கள் ‘அவங்க’. வாவியில் தோணி இறக்க இவங்களுடைய பாஸ் வேண்டும். ஊரிலுள்ள எல்லாருடைய பாஸையும் கிழமைக்கு ஒருமுறை காம்புக்குக் கொண்டுபோய் ஒப்பம் வாங்கி வருவது செயலாளரின் வேலை. முன்பு இருந்த செயலாளர் தோணியை விற்றுவிட்டு மட்டக்களப்பு நகரத்துக்கு, மகளுடைய வீட்டுக்கே போய்விட்டார். ஏன் போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அத்தான் அக்கரையில் வவுணதீவுப் பக்கத்து வயல்காரக் குடும்பம். அக்காவைக் கலியாணம் கட்டி எங்கள் வளவுக்கு வந்தவர். தோணி வலிக்கவே எங்கள் அப்பாவிடம்தான் பழகினார். கொஞ்சக் காலம் சிங்கள ஊர் ஒன்றில் அரிசி ஆலையில் வேலை செய்ததால் அந்தப் பாஷை பேசுவார். அவரைத் தெரிவுசெய்ததற்கு அவர்கள் சொன்ன காரணம் அதுதான். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. எங்கள் ஊரில் ஒருவனுக்கு ஏதாவது நடந்தால் அவனுடைய குடி, தாய்வழிச் சொந்தம் முழுவதும், எழும்பும். அத்தானுக்காக எழும்ப அவருடைய குடிக்காரர் ஒருவரும் இக்கரையில் இல்லை.

அவ்வளவு சின்ன ஊருக்குள் எத்தனை அமைப்புகள் இருந்தன என்று இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. கோயிலை நடத்தியவை குடிகள். அவற்றுக்குள் பிறக்கத்தான் முடியும், சேர முடியாது. வெள்ளை வாகனத்தில் வந்த நிவாரண நிறுவனம், சங்கம் இல்லாத ஊருக்கு எதுவும் கொடுக்க மாட்டோம் என்றது. உடனே மாதர் சங்கமும் மரண உதவிச் சங்கமும் முளைத்தன. எல்லாவற்றிலும் அதே ஆட்கள்தான், கதிரைதான் வேறு. இயக்கத்தில் சேரலாம், விலக முடியாது. காம்பில் இருந்த சிப்பாய்களிலும் பாதிப்பேர் விலக வழி தெரியாமல் இருக்கிறவர்கள்தான் என்று அத்தான் ஒருநாள் சொன்னார். பிற்காலத்தில் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் நான் வேலை செய்தபோது, அமைப்பு என்றால் என்ன என்று கிராமத்துப் பெண்களுக்கு வகுப்பு எடுக்க அனுப்பினார்கள். ஒரே நோக்கத்துக்காக ஒன்றுசேர்ந்த மனிதர்கள் என்று கரும்பலகையில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். எழுதும்போது எங்கள் ஊர்த் தோணித்துறைதான் கண்ணுக்குள் நின்றது.

அத்தான் காம்புக்குப் போகத் தொடங்கி இரண்டொரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. வெயிலில் நிற்கவைப்பார்கள், ஒப்பம் வைத்துக் கொடுப்பார்கள், வருவார். பிறகு புதிதாக ஓர் அதிகாரி வந்தான். அத்தான் சிங்களம் பேசுவதைக் கேட்டு, கூப்பிட்டு இருத்தி, தேநீர் கொடுத்தான். காம்பின் முன்பக்கம், றோட்டால் போகிற பஸ்ஸுக்கெல்லாம் தெரிகிற இடத்தில் மேசை. வேண்டாம் என்றால் அவனுக்குக் கோபம் வரும் என்று அத்தான் குடித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார். சீனி கூடப் போட்ட தேநீர் என்று மட்டும் இரண்டாம் முறையும் சொன்னார்.

அக்கரையிலிருந்து ஆள் வந்தது. வந்து விளக்கம் சொல்லும்படி அழைப்பு. அத்தான் தலைவரிடம் போனார். தலைவர், நீங்கள் தனியாகப் போகவேண்டாம், சங்கமே உங்களோடு வரும் என்றார். விடிய அத்தான் துறையில் வெகுநேரம் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. தனியாகத் தோணி வலித்துப் போனார். மத்தியானம் திரும்பி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்கள், இனிக் காம்புக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார்.

அதை அவர் சங்கத்தில் சொன்னார். போகாவிட்டால் பாஸ் இல்லை, பாஸ் இல்லாவிட்டால் ஊரில் அடுப்பு எரியாது. கூடிப் பேசினார்கள். செயலாளர் வழக்கம்போலப் போகவேண்டும் என்று முடிவாயிற்று. “கவனமாப் போய்ட்டு வாங்க” என்று ஒருவர் சொன்னாராம். அத்தான் அதைச் சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நீங்கள் செயலாளர் இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றாள். ஆரிடம் சொல்வது என்று அவர் கேட்டார்.

அடுத்த கிழமை அவர் காம்புக்குப் போனார். அதற்கு அடுத்த நாள் காலை, துறையில் வலையை உதறி இறால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். இரண்டு பெடியன்கள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். ஒருவனுடைய கையில் கோயில் நூல் கட்டியிருந்தது. “செயலாளர் ஆரு?” என்று கேட்டான். ஒருவரும் வாய் திறக்கவில்லை, விரல் நீட்டவில்லை. ஆனால் அங்கிருந்த அவ்வளவு பேரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். பேச வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்.

“நான்தான், தம்பி” என்றார்.

அவன் சட்டைக்குள்ளிருந்து துவக்கை எடுத்துச் சுட்டான். இரண்டு வெடி. அவர் இறால் கூடைமேல் விழுந்தார். கூடை கவிழ்ந்து உயிரோடிருந்த இறால்கள் அவரைச் சுற்றித் துள்ளின. சைக்கிள்கள் போய் மறைந்த பிறகு ஆட்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர் இறாலைப் பொறுக்கிக்கொண்டு போனார். அவருடைய முகம் எனக்கு இன்றும் தெரியும்.

துரோகியின் செத்தவீட்டுக்குப் போகவேண்டாம் என்று அவங்களிடமிருந்து சொல் வந்திருந்தது. மரண உதவிச் சங்கம் வரவில்லை. உட்காரக் கதிரை வரவில்லை, பந்தலுக்குப் படங்கு வரவில்லை. அக்கரையிலிருந்து அத்தானுடைய ஆட்கள் வர வழியில்லை, பாதையைப் பூட்டியிருந்தார்கள். அப்பாவும் அப்பாவின் தம்பியும் குழி வெட்டினார்கள். நானும் அக்காவும் கால்மாட்டில் பிடித்துத் தூக்கினோம். எங்கள் பக்கத்தில் பெண்கள் சவக்காலைக்குப் போவதில்லை. அன்றைக்குப் போனோம்.

மூன்றாம் நாள் தலைவரும் அதே இரண்டு பேரும் வந்தார்கள். துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று அக்கா பாய் விரித்தாள். அவர்கள் உட்காரவில்லை. சங்கத்து முத்திரை இங்கே இருக்கிறது, அதை வாங்கிப்போக வந்தோம் என்றார்கள். பிறகு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, காம்பில் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்றும், செத்தவர் கடைசியாகக் காம்புக்குப் போய்வந்த அன்றே சங்கத்திலிருந்து விலகிவிட்டார் என்று சொல்லியிருக்கிறோம் என்றும், ஆரும் கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லவேண்டும் என்றும் சொன்னார்.

“அப்பதான் சங்கத்தக் காப்பாத்தலாம், புள்ள.”

அக்கா உள்ளே போய் முத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர்கள் படலையைத் தாண்டும்வரை நின்று பார்த்தாள்.

பாதை திறந்ததும் அக்கா படுவான்கரைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். இயக்கத்தின் பொறுப்பாளர் எங்களைவிட வயது குறைந்தவன்போல இருந்தான். இருக்கச் சொன்னான். அக்கா, அக்கா என்று பணிவாகப் பேசினான்.

“ஆரு தம்பி சுடச் சொன்ன?” என்று அக்கா கேட்டாள்.

“என்ட முடிவு இல்ல, அக்கா. மேல எடுத்த முடிவு.”

“மேல எண்டா ஆரு?”

“அமைப்பு.”

“அமைப்புக்கு ஒரு முகம் இல்லயா? அந்த முகத்த நான் பாக்கணும்.”

 எங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, அவன் சொன்னான்.

“நாங்க சும்மா செய்யல்ல, அக்கா. உங்கட சங்கத்திட்டக் கேட்டுத்தான். அவர் காம்புக்குப் போறது தன்ட பாட்டுக்கு, சங்கத்துக்குச் சம்பந்தம் இல்லையெண்டு சொல்லி அனுப்பினவங்க.”

திரும்பி வரும்போது அக்கா தோணியின் முன்பக்கம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். அவள் அழவில்லை. உடம்பு மரக்கட்டைபோல இறுகியிருந்தது.

செயலாளர் இல்லாமல் காம்பில் பாஸ் கொடுக்கவில்லை. நிவாரண நிறுவனம் கொண்டுவந்த புது வலைகளும் ஒப்பமிட ஆள் இல்லாமல் திரும்பிப் போயின. தோணிகள் கரையில் வெயிலில் காய்ந்து வெடித்தன. வீடுகளில் பகலில் ஒருவேளைச் சோறுதான். அப்போது தலைவர் மறுபடி வந்தார். இந்தமுறை உட்கார்ந்தார். சங்கம் கூடி, அக்காவையே செயலாளராகத் தெரிவுசெய்திருக்கிறது என்றார்.

“பொம்பிளைய ஒருத்தரும் ஒண்டும் செய்ய மாட்டாங்க. அதுவும் தாலி இழந்தவ. ரெண்டு பக்கமும் பாவம் பாக்கும்.”

“ஆரு முடிவெடுத்த?”

“சங்கம்தான்.”

“அப்ப சங்கத்த வரச் சொல்லுங்க” என்றாள் அக்கா.

பசி அவர்களைக் கொண்டுவந்தது. மறுநாள் எங்கள் முற்றத்தில் உச்சி வெயிலில் சங்கம் முழுவதும் நின்றது. அக்கா ஒவ்வொருவருக்கும் முன்னால் போய் நின்று ஒரே கேள்வியைக் கேட்டாள். சம்பந்தம் இல்லையென்று சொல்லி அனுப்பினது நீங்களா? ஒவ்வொருவரும் இல்லை என்றார்கள். சங்கம்தான் அப்படி முடிவெடுத்தது என்றார்கள். ஒரு கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவரும் இல்லை என்றுதான் சொன்னார். கடைசி ஆளையும் கேட்டு முடித்துவிட்டு, எனக்கு ஏலாது, போங்க என்று சொல்லி அக்கா உள்ளே போனாள். அன்று பின்னேரம் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். அத்தான் போன பிறகு அவள் அப்படிச் சாப்பிட்டதை அன்றுதான் கண்டேன்.

சங்கம் பட்டினி கிடக்கவில்லை. எங்கள் மணல் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இன்னொரு பெண் இருந்தாள். ஆரோ கொண்டுபோன புருசன் திரும்பி வராதவள், சின்னப் பிள்ளைகள், பிறந்த ஊர் தூரத்தில் வாகரைப் பக்கம். சங்கம் அவளைச் செயலாளராக்கியது. அவள் கிழமைக்கு ஒருமுறை காம்புக்குப் போனாள். காலையில் போனால் பின்னேரம்தான் வருவாள். ஒப்பம் வாங்க அவ்வளவு நேரம் தேவையில்லை என்பது ஊருக்கே தெரியும். வரும் வழியில் வீட்டுக்குப் போகமாட்டாள். நேரே வாவிக்குள் உடுத்த சீலையோடு இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நெடுநேரம் நிற்பாள். அந்த நேரத்தில் துறையில் ஆண்கள் நிற்க மாட்டார்கள். நாகரிகம் தெரிந்தவர்கள் எங்கள் ஊர் ஆண்கள். பாஸ்கள் ஒழுங்காக வந்தன. புது வலைகள் வந்தன. சங்கத்துக்கு ஓடு போட்ட கட்டடம் எழும்பியது.

ஒருநாள் அக்கா காய்ந்த சீலை ஒன்றை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அந்தப் பெண் தண்ணீரிலிருந்து ஏறி வந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அக்கா சீலையை நீட்டினாள். அவள் வாங்கித் தலையைத் துவட்டினாள், கழுத்தைத் துடைத்தாள், மெதுவாக, ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

“நீங்க மாட்டனெண்ட அண்டைக்குத்தான் சங்கத்து ஆக்கள் எங்கட வீட்டுக்கு வந்தவங்க” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. என்ன கிழமை இன்றைக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். சீலையை மடித்து அக்காவின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஈரச் சீலை காலில் ஒட்ட ஒட்ட மணலில் நடந்துபோனாள். பிள்ளைகள் படலையில் நின்றன. அக்கா மடித்த சீலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தப் படலை மூடும்வரை நின்றாள்.