கையில் கொடுத்த ரப்பர் பந்து

போன வாரம் எனக்கு ஒரு பெரிய அவமானம்... உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டர். இரண்டு மாதமாக விடாத தலைவலி. மூளையில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்க வைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். பயமாக இருந்தால் அழுத்த வேண்டுமாம்.

காதில் பஞ்சு வைத்தும் 'டடக், டடக்' என்று மண்டைக்குள் இடித்தது. அடுத்த நிமிடமே அழுத்திவிட்டேன். அழுத்தியதோடு விட்டேனா? "என்னை வெளியே எடுங்க" என்று கத்தியும் இருக்கிறேன்.

பயத்தை எப்படி விரட்டுவது என்று இதே பக்கத்தில் எழுதிய ஆள் நான்தான். நீங்கள்கூட போன் செய்து பாராட்டினீர்கள். மன்னிக்கவும்.

தலைவலிக்குக் காரணம் பக்கத்து வீட்டு பவர்லூம்தான் என்று நானாகவே முடிவுகட்டி, அந்த வீட்டு தயாளனோடு சண்டை போட்டது தனிக் கதை. ஆரணியில் குடியிருந்துகொண்டு தறிச் சத்தத்துக்குச் சண்டை போடுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இந்தத் திங்கட்கிழமை மறுபடியும் போனேன். மனைவியும் வந்தாள் — துணைக்கு என்று அவள் சொன்னாள், ஓடாமல் பிடிக்க என்று எனக்குத் தெரியும்.

எனக்கு முன்னால் முள்ளிப்பட்டிலிருந்து ஒரு தம்பதி. ஏழுமலை, சரோஜா. வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்கிறவர்கள். சரோஜாவுக்கும் என்னைப் போலவே மூளையில் கட்டியோ என்று சந்தேகம். போதாததற்கு இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறார்.

தாலி, மெட்டி, மூக்குத்தி எல்லாம் கழற்றியாயிற்று. மணிக்கட்டில் ஒரு கயிறு மட்டும் பாக்கி. டெக்னீஷியன் பெண் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஏதோ மின்னுதே... என்னம்மா இது?"

"சரிகைங்க."

தேவிகாபுரத்து அம்மனுக்கு நெய்து சாத்திய சேலையில் மிஞ்சிய பட்டு நூலையும் சரிகையையும் சேர்த்து முறுக்கி, ஏழுமலையே கட்டிவிட்ட கயிறாம்.

"சரிகைன்னா மெட்டல்மா. உள்ளே விட முடியாது." அவர் கத்திரிக்கோலை எடுத்தார்.

சரோஜா சட்டென்று மணிக்கட்டைப் பொத்திக்கொண்டார். "அது இல்லாம நான் உள்ள போவ மாட்டேங்க. அம்மாவ நம்பிகினுதான் இம்மாந்தூரம் வந்தேன்." கண்ணில் நீர் முட்டிவிட்டது.

எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. என்னையும் சேர்த்துத்தான்.

"கத்திரி வேணாங்க, அவுத்துடறேன்" என்று ஏழுமலை குனிந்தார். மஞ்சள் ஏறி இறுகிப்போன முடிச்சு. நகத்தால் மெல்ல நெம்பினார்.

"ஜல்தியா ஆவட்டுங்க, பின்னால ஆள் இருக்கு" என்றார் டெக்னீஷியன். அந்த ஆள் நான்தான். எனக்கு ஒரு அவசரமும் இல்லை!

"முடிச்சு அவுக்கறது எங்களுக்கு தெனமும் இருக்கற வேலதாங்க" என்ற ஏழுமலை, கயிற்றைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனைவியைப் பார்த்து, "கயிறு எங்கிட்ட இருக்கட்டும். அம்மா உங்கூட வருவா. போ" என்றார்.

தைரியமாகத்தான் சொன்னார். கதவு மூடியது.

அரை மணி நேரம். வெளியிலும் அந்த டடக், டடக் கேட்டது. சட்டைப் பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

கதவு திறந்தது. டெக்னீஷியன் சிரித்துக்கொண்டே வந்தார். "உங்க வீட்டம்மா நல்லா தூங்கிட்டாங்க. எழுப்பிக் கூட்டிகினு வர்றேன்!"

தூக்கமா? அந்தச் சத்தத்திலா?

"பயந்துகினுதாங்க படுத்தேன்" என்றார் சரோஜா. "அப்புறம் பாத்தா... அது நம்ம தறி சத்தம்! கல்யாணமான நாள்லேர்ந்து அந்த சத்தத்துலதான தூங்கறேன்? அம்மாவே பக்கத்துல உக்காந்து நெய்துகினு இருக்கறா மாதிரி தோணிச்சு. கண்ணு சொக்கிப்போச்சு."

ஏழுமலை கயிற்றை எடுத்து மறுபடி கட்டிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கத் தோன்றவில்லை.

கடவுளின் கருணை என்றால் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வருவதுதான் என இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி வராதவர்களுக்கெல்லாம் அவர் கருணை காட்டவில்லை என்றா அர்த்தம்? சரோஜாவின் ரிப்போர்ட் அப்போது வரவே இல்லை. அதற்கு முன்னாலேயே கருணை வந்து, அந்தக் குழாய்க்குள் அவரோடு அரை மணி நேரம் இருந்துவிட்டது.

"நீங்களும் பேஜாராவாதீங்க சார். யாரோ பக்கத்துல தறி நெய்யறாங்கன்னு நெனச்சுக்குங்க" என்று சரோஜா எனக்குச் சொல்லி அனுப்பினார்.

மறுபடியும் குழாய். மறுபடியும் பந்து. பயம் போய்விட்டதா? அதெல்லாம் போகவில்லை. விரல்கள் இரண்டு தடவை பந்தின் மேல் இறுகின. ஆனால் யாரோ பக்கத்தில் இருந்தார்கள்... அழுத்தவில்லை. தூக்கம் மட்டும் வரவில்லை. அந்த அளவுக்கு நம்புவதற்கு எனக்கு இன்னும் பழக்கம் போதாது.

சாயங்காலம் ஆரணி வந்து சேர்ந்தோம். ஸ்கேன் பையோடு நான் இறங்குவதைப் பார்த்ததும் தயாளன் பவர்லூமை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"சார், ஒடம்பு முடியலன்னு உங்க வீட்டு அக்கா சொன்னாங்க. ரெண்டு நாளைக்கு தறிய நிறுத்தி வெச்சுடறேங்க."

ரிப்போர்ட் புதன்கிழமைதான் வரும். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்திடாதீங்க தயாளன்... புதன்கிழமை வரைக்குமாவது ஓடட்டும்!"