எலும்புக்குள் இருக்கிற உயிர்

அம்மனுக்கு நான் கொடுத்த வாக்கு ஒன்றுதான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால், தோட்டத்து லயத்துத் தண்ணீர்ப் பீலியடியிலிருந்து மேலே கோயில் வரை தலையில் பால்குடம் சுமந்து வருகிறேன் என்றேன். அவள் தன் பங்கைச் செய்துவிட்டாள். கட்டி விழுந்த கர்ப்பப்பையையும் இரண்டு சூலகங்களையும் பதுளை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். பிழைத்து வந்தேன். நாற்பதுகூட ஆகவில்லை எனக்கு.

உடம்பில் நின்றுபோன பெண் ஹார்மோனுக்குப் பதிலாகத் தினமும் ஒரு மாத்திரை போடச் சொன்னார்கள். அதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னதுதான் வினை.

"பொம்பள மாத்திரையா? அதப் போட்டா நின்னது திரும்ப வந்துரும் புள்ள. காப்புக் கட்டின கையோட தீட்டாகி நிக்கப் போறியா?"

பயந்துவிட்டேன். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் விட்டேன். பிறகு ஆடி மாதம், பிறகு சஷ்டி விரதம். கடைசியில் ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். கிளினிக்கில் "போடுறேங்க" என்று சொல்லி வாங்கி வந்து, மஞ்சள் டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

மறுவருடத் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும். தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் தண்ணீர்க் கானைத் தாண்டும்போது சறுக்கி, இடது கையை ஊன்றினேன். குழந்தை விழுந்திருந்தால் எழுந்து ஓடியிருக்கும். எனக்கு மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு எங்கே குடம் எடுப்பது?

கிளினிக்கில் முக்காடு போட்ட டொக்டரம்மா என் எலும்புப் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

நான் தலையைக் குனிய, கூட வந்த என் வீட்டுக்காரர் போட்டுக்கொடுத்துவிட்டார். "டின்னுக்குப் பின்னால கடையே வச்சிருக்கா டொக்டர்!"

காரணத்தைச் சொன்னேன். டொக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கர்ப்பப்பையே இல்ல, தீட்டு எங்கேருந்தும்மா வரும்?" பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"எலும்புன்னா காஞ்ச கட்டையா? அதுக்குள்ள உசிரோட செல்லுங்க இருக்கு. எங்க கீறல், எங்க ஆள் விட்டுச் சரிபண்ணணும்னு பாக்குற கங்காணிங்க அதுங்க. பொம்பள ஹார்மோன் இருந்தா சீக்கிரம் சாகாதுங்க. அது நின்னா இந்தச் செல்லுங்க ஒண்ணொண்ணா செத்துப் போகும், எலும்பு மேற்பார்க்க ஆளில்லாத மலையாட்டம் பாழாகும். இந்த மாத்திரை அதுங்கள சாகவிடாது. இதுக்கா சாமி கோவிச்சுக்கும்?"

அம்மன் போட்ட உயிரை அவள் பெயரைச் சொல்லியே பட்டினி போட்டிருக்கிறேனே!

"பால்குடம் எடுக்கலாங்களா?"

"இப்ப வேணாம். விழுந்தா இடுப்பு போயிரும். ஒழுங்கா போடுங்க, பாப்போம்."

அன்றிலிருந்து விளக்கேற்றி, திருநீறு பூசி, அடுத்தது மாத்திரை. ஒருநாளும் தவறவில்லை. இரண்டு வருடம் கழித்து டொக்டரம்மா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எலும்பு மெலியல. கொஞ்சம் ஏறியே இருக்கு. குடம் எடுங்க. படியில மட்டும் அவசரப்படாதீங்க."

திருவிழா அன்று காலை, மஞ்சள் காப்புக் கட்டிய கையாலேயே மாத்திரையைப் போட்டேன். அக்கா பார்க்கட்டும் என்று வாசலில் நின்றுதான் போட்டேன்.

தப்பு மேளச் சத்தம் மலையில் மோதித் திரும்பியது. கோயில் படியெல்லாம் பனி ஈரம். முறிந்த அதே இடது கைதான் குடத்தைப் பிடித்திருந்தது. நான் விழுந்தால் தாங்க என்று அக்கா இரண்டு கையையும் நீட்டியபடி பக்கத்திலேயே வந்தார்.

"பாத்து புள்ள, பாத்து."

"நீங்க பாத்து வாங்கக்கா. உங்க எலும்ப நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

"வாயப் பாரு இவளுக்கு!" என்றவர், மூச்சு வாங்க இரண்டு படி ஏறிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "என்னையும் ஒருக்கா அந்த டொக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போறியா?"

"போவோங்க்கா. எந்த மாத்திரை யாருக்குன்னு அவங்கதான் பாத்துச் சொல்லணும்."

கடைசிப் படி. குடத்தை நானே இறக்கினேன், யாரையும் தொடவிடவில்லை. அம்மன் தலையில் பால் இறங்கியபோது, தாயே, வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று உரக்கவே சொன்னேன்.