சிவகுரு கொத்தனாரின் குலுக்கல்

ரசமட்டத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினால் சிவகுரு கொத்தனார் பிரசங்கத்துக்குத் தயார் என்று அர்த்தம். கீழ் கோத்தகிரியில் வாயாலேயே வீடு கட்டுகிற கொத்தனார் இவர் ஒருவர்தான். சித்தாள் குழைத்து வைத்த கலவை அந்தப் பக்கம் இறுகிக்கொண்டிருக்கும். இவருக்கு என்ன வந்தது?

"சண்டை முடிஞ்ச கையோட சனத்தையே திருத்தியிருக்கலாமுங்க. கோட்டை விட்டுட்டானுங்க!"

சண்டை என்றால் இலங்கைப் போர். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஏழு வயதில் அப்பனோடு கப்பலேறி நீலகிரி வந்தவர். போர் ஓய்ந்தபின் ஒரு தொண்டு நிறுவனத்தோடு வன்னிக்குப் போய் இரண்டு வருடம் வீடு கட்டினார். "முகாம்ல எல்லாச் சாதியும் ஒரே வரிசையில சோத்துக்கு நின்னுதுங்க. ஊட்டக் கட்டிக் குடுத்ததும் அவனவன் பழைய தெருவுக்கே போயிட்டான். கட்டிக் குடுத்த என்னைய மொதல்ல ஒதைக்கோணும்!" குலுக்கல் போட்டு வீடு கொடுத்திருந்தால் ஒரே தலைமுறையில் சாதி செத்திருக்கும் என்பது அவர் கட்சி.

மாதா கோயில் பள்ளியில் சரித்திரம் நடத்தும் லெஸ்லி வாத்தியார் விடமாட்டார். "அமெரிக்காவுலயும் உள்நாட்டுப் போர் முடிஞ்சு, அடிமைகள விடுவிச்சு, ஓட்டும் குடுத்தாங்க கொத்தனாரே. அங்க காவலுக்கு நின்ன பட்டாளம் கெளம்பினதும் ஓட்டும் உரிமையும் எல்லாம் போச்சு."

"நெலம் குடுத்தாங்களா சார்?"

"இல்ல."

"அப்பறம் எப்படிங்க நிக்கும்? அஸ்திவாரமே போடலியே!"

போன வருடம் எஸ்டேட்டில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயங்களை இடித்துவிட்டுப் பன்னிரண்டு புது வீடு கட்டினார்கள். கொத்தனாருக்குச் சுக்கிர திசை. குலுக்கல் போட்டால்தான் கரண்டியைத் தொடுவேன் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு கொத்தனார் கிடைக்காததால் போட்டார்கள். மேல் லயத்துச் சாதியும் கீழ் லயத்துச் சாதியும் அடுத்தடுத்த வீட்டில்! மேல் லயத்துக்காரரான இவருக்குப் பக்கத்து வீடு, கீழ் லயத்தில் இருந்த கொழுந்தெடுக்கும் பேச்சியம்மாவுக்கு விழுந்தது. மனிதர் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

இரண்டே மாதம்தான். ஒவ்வொரு குடும்பமாகத் தங்களுக்குள் சாவியை மாற்றிக்கொண்டு, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு, பழைய சாதி வரிசைக்கே போய்ச் சேர்ந்தது. அசையாமல் இருந்தது இவரும் பேச்சியம்மாவும் மட்டும். அவளும் போய்விட்டால் தன் பேச்சு அத்தனையும் பொய்யாகிவிடுமே என்று கொத்தனாருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே இவர் வாசலில் வந்து நின்றாள்.

"நானும் மாத்திக்கறனுங்கண்ணா."

"ஏம்மா, நான் என்ன குத்தம் பண்ணுனேன்?"

"குத்தமொண்ணுமில்லீங்க. ஊருக்கெல்லாம் சொல்றீங்க. இத்தன நாள்ல எங்க ஊட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கீங்களா? வாசல்ல நின்னு பேசிட்டு வாசலோடயே போயிர்றீங்க."

அவர் மனைவி மருதாயி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "நான் தெனமும் அங்கதானுங்க டீ குடிக்கறேன். எனக்குப் பேசத்தான் தெரியாது."

கொத்தனாருக்கு முகம் செத்துவிட்டது. அவமானத்தில் காது மடல்கூடச் சிவந்துவிட்டது. சட்டென்று எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேச்சியம்மாவைத் தாண்டி அவள் வீட்டுக்குள் போனார். அடுப்படி வரைக்கும் போனார். குடத்தில் சொம்பை விட்டு மொண்டு, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், விளிம்பில் வாய் வைத்துக் குடித்தார்.