பயத்தமாவில் பாதி

சத்திரத்தில் யாரோ பயத்தமாவு தேய்த்துக் குளித்த வாசனை என்னைக் கோடையில் வற்றிய காவிரிக்கு இழுத்துப்போனது. ஸ்ரீரங்கத்துப் படித்துறைக்கு எதிரே மணலைத் தோண்டினால் ஊறிவரும் குளிர்ந்த தண்ணீரில்தான் அக்கா தினமும் மாவு போட்டு, எண்ணெய் வழியும் முகத்தைக் கழுவுவாள். வையம்பட்டியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிற அன்றும் கழுவிவிட்டு வீடு சேர்வதற்குள் முகம் மறுபடி மின்னியது.

"போன எடம் மாதிரி இதுவும் தட்டிப்போகணுமாடி? போய்க் கழுவிட்டு வா" என்றாள் அம்மா.

நானும் கூடப் போனேன். ஊற்றருகே ஓர் இளைஞர் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வையம்பட்டியிலேருந்து பொண்ணு பாக்க வந்தேங்க. பஸ் வெக்கையில மூஞ்சியெல்லாம் எண்ணெய்."

அக்கா மாவில் பாதியைக் கொடுத்தாள். "தேச்சுக் கழுவிட்டுப் போங்க. அந்தப் பொண்ணுக்கும் இதே மூஞ்சிதான்."

அந்த மணல் இப்போது இல்லை. அக்கா வீட்டில் அவளுக்கும் அந்த வையம்பட்டிக்காரருக்கும் மாவு டப்பாவை யார் முதலில் எடுப்பது என்ற சண்டை மட்டும் இருக்கிறது.