ராஜா பெட்டியில் ஒரு சின்ன மணி

கம்பைநல்லூரில் மைக்செட் தஸ்தகீர் பாயைப் பார்க்காதவர்கள் இருக்கலாம், அவருடைய ஸ்பீக்கரைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் என்ன விசேஷம் என்று யாரும் போய் விசாரிப்பதில்லை. காலையில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் முதலில் வரும் பாட்டைக் கேட்டாலே கல்யாணமா, காதுகுத்தா, சாவா என்று தெரிந்துவிடும். அதற்கேற்ற வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவோம். அந்த முதல் பாட்டை முப்பத்தெட்டு வருஷமாகப் போட்டுவருகிறவர் பாய்.

நான் மாதவராஜ். பாய் கடையை ஒட்டினாற்போல் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அவர் ஸ்பீக்கர் கட்டுகிற கல்யாணங்களில் பாதிக்கு நான்தான் போட்டோ எடுப்பேன். அதனால் அவருடைய ரஷ்யப் பைத்தியத்தை ஊரிலேயே அதிகமாக அனுபவித்தவன் நான்தான். வேறு யாருக்கும் அந்தப் பொறுமை இருந்ததில்லை, எனக்கும் எல்லா நாளும் இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

பாய் இளவட்டமாக இருந்தபோது தருமபுரியில் ரஷ்யப் புத்தகக் கண்காட்சி ஒன்று போட்டிருக்கிறார்கள். வேடிக்கை பார்க்கப் போனவர் ஒரு மூலையில் கனமான அட்டைப் பெட்டி ஒன்றைப் பார்த்தார். மேலே கிரீடம் வைத்த தாடிக்கார ராஜா படம், உள்ளே நான்கு இசைத்தட்டுகள். ஒரு எழுத்தும் புரியவில்லை. ஒரு சினிமாத் தட்டு வாங்குகிற விலைக்கு நான்கு கிடைக்கிறதே என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அது ஓபரா, அதாவது பேச்சே இல்லாமல் முழுக்கப் பாடியே நடிக்கிற நாடகம் என்பது பல வருஷம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அதன் பெயர் இன்றுவரை எங்கள் வாயில் நுழையவில்லை. எங்களுக்கு அது ராஜா பெட்டி.

அதில் மூன்றாவது தட்டில் ராஜா போருக்குக் கிளம்புகிற இடம் ஒன்று வரும். முதலில் ஆண்கள் கூட்டமாக அடித்தொண்டையில் பாடுவார்கள். பிறகு பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். பெரிய மணிகள் அதிர அதிர அடிக்கும். எல்லாம் ஓய்ந்த பிறகு, எங்கோ தூரத்தில் ஒரு சின்ன மணி ஒரே ஒரு தடவை ஒலிக்கும். அவ்வளவுதான், நாலு நிமிஷம்.

“அடிச்சத்தம், நடுச்சத்தம், மேல்சத்தம் மூணும் இதுல இருக்கு. இத ஒழுங்கா பாடற ஸ்பீக்கரு எதையும் பாடும்” என்பார். புது ஸ்பீக்கர் வந்தாலும், ரிப்பேராகித் திரும்பினாலும் அந்த இடத்தைத்தான் போடுவார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்து, சின்ன மணி வரும்போது ஆள்காட்டி விரலைத் தூக்குவார். விரல் எழுந்தால் ஸ்பீக்கர் பாஸ்.

இந்தச் சோதனையைக் கதவு சாத்தித்தான் செய்வார். காரணம் உண்டு. ஒருமுறை கல்யாண வீட்டு வாசலிலேயே போட்டுப் பார்த்தார். அந்த அடித்தொண்டைக் குரல்களைக் கேட்ட நஞ்சம்மாள் என்கிற பெரியம்மா, யாரோ போய்விட்டார்கள் என்று மாலையோடு வந்து பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பெண்ணின் அப்பா பாயை அடிக்காத குறைதான்.

செல்போன் வந்ததும் பைத்தியம் முற்றியது. அதே ஓபராவை வேறு வேறு தேசத்துக்காரர்கள் பாடிய பதிவுகள் இருப்பதைக் கண்டுபிடித்து, நம் பெட்டியில் இருப்பதையும் சேர்த்து ஐந்து பதிவுகளை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டார். ஒரு நோட்டுப் போட்டுத் தீர்ப்பும் எழுதினார். முதல் நம்பர் நம்முடைய பெட்டி, அதற்குத் தீர்ப்பு கிடையாது. இரண்டாவதில் ராஜா மைக்கைத் தின்றுகொண்டே பாடுகிறார். நாலாவது நேராக மேடையிலேயே எடுத்தது, கூட்டம் இருமுகிறது. ஐந்தாவதில் எல்லோரும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருக்கிறார்கள். மூன்றாவதைப் பற்றி மட்டும் கோபமாக எழுதியிருந்தார்: “சுத்தமான பதிவு. ஆனால் சின்ன மணியை விட்டுவிட்டார்கள். திருட்டு வேலை.”

எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். “பாத்தியா, மணியே இல்ல.”

மணி இருந்தது. மற்றப் பதிவுகளில் இருப்பதைவிடச் சன்னமான மணி, ஆனால் எனக்குத் தெளிவாகக் கேட்டது. “ஆமா பாய், இல்ல” என்றேன். ஒரு மணிக்காக எதற்கு வாக்குவாதம் என்று நினைத்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இது நடந்து இரண்டு வருஷம் போன பிறகு, போன மாசியில் பாலக்கோட்டு மண்டபம் ஒன்றில் கல்யாணம். தாலி கட்டி முடித்து ஒருவர் வாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கரில் ஊசி குத்துகிற மாதிரி கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பியது. ஜனம் காதைப் பொத்திக்கொண்டது, கைக்குழந்தைகள் வீறிட்டன. பாய், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சருக்கு முன்னால் உட்கார்ந்து சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் கேமராவோடு ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தேன்.

மண்டப மேனேஜர் பிரபாகர் சாயங்காலம் வந்தார். “வயசாயிருச்சுங்க பாய். வைகாசியில ஒரு கல்யாணத்துக்கு ஏற்கெனவே உங்களச் சொல்லிட்டேன், அத மட்டும் பாத்துக் குடுங்க. அதுலயும் இப்படி ஆச்சுன்னா, தருமபுரி செட்டைக் கூப்புட்டுக்கறோம்.”

பாயின் வேலையில் பாதி அந்த மண்டபத்திலிருந்துதான் வருகிறது. அவர் மறுநாள் வீட்டில் ராஜா பெட்டியை எடுத்துப் போட்டார். சின்ன மணி வரவில்லை. தட்டின் மேல் ஓடுகிற முள் தேய்ந்துவிட்டது என்று பெங்களூர் போய்ப் புது முள் வாங்கி வந்து மாட்டினார். அப்போதும் வரவில்லை. தட்டே தேய்ந்துவிட்டது என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி ஜுபைதா அக்கா தலையை நீட்டினார்.

“இப்பத்தானேங்க அடிச்சுது.”

“எது?”

“அந்தச் சின்ன மணிதாங்க. எப்பவும் அடிக்கிறது.”

பாய் என் பக்கம் திரும்பினார். “மாதவராஜு, உனக்கு?”

“கேட்டுச்சு பாய்.”

“மூணாம் நம்பர்லயும்?”

“கேட்டுச்சு.”

“அப்ப ரெண்டு வருசமா எங்கிட்டப் பொய் சொல்லிக்கிட்டிருந்திருக்க.”

நான் தலையைத் தூக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை. மெல்ல முள்ளைத் தூக்கி வைத்துவிட்டு, தட்டைத் துடைத்து உறையில் போட்டார். “ஸ்பீக்கரு கெட்டா என்ன பண்றோம்? கழட்டிப் பாக்கறோம். தூக்கியா எறியறோம்?” என்றார். அடுத்த பஸ்ஸில் தருமபுரி கிளம்பினார். கூப்பிடாமலே நானும் ஏறிக்கொண்டேன்.

காது பரிசோதனை செய்கிற லூர்துமேரிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு காதிலும் மணி, கீச்சு மாதிரியான மேல்சத்தம் கேட்பது போய்விட்டது, இத்தனை வருஷம் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றதன் பலன் என்று தாளில் கோடு போட்டுக் காட்டினார். வெளியே தெரியாத குட்டிக் காது மெஷின் ஒன்றை மாட்டிவிட்டார். பாய் முகத்தைச் சுளித்தார்.

“எல்லாரும் தகர டப்பாவுக்குள்ள உக்காந்து பேசறாங்கம்மா.”

“பழகிடுங்க சார். எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க.”

“பேச்சு பழகும். எனக்குப் பாட்டு வேணும்” என்று சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார்.

அந்தப் பெண் ஐந்து ரஷ்ய ராஜாக்களையும் வரிசையாகக் கேட்டார். பாவமாக இருந்தது. பாய் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“அஞ்சும் ஒரே மாதிரி கேக்குது. அப்படின்னா மெஷின் பொய் சொல்லுது. ரெண்டாவதுல ராஜா மைக்கைத் தின்னணும். நாலாவதுல இருமணும். அஞ்சு பேரும் அஞ்சு பேரா வரணும்.”

லூர்துமேரி முதலில் சிரித்தார். மூன்றாவது தடவை போனபோது சிரிக்கவில்லை, அவருக்கும் பிடிவாதம் வந்துவிட்டது. குட்டி மெஷினில் இதற்குமேல் முடியாது, காதுக்குப் பின்னால் மாட்டுகிற பெரியதுதான் சரிப்படும், ஆனால் வெளியே தெரியும் என்றார். “தெரியட்டும்” என்றார் பாய். கம்ப்யூட்டரில் கொஞ்சம் ஏற்றுவதும், போட்டுக் கேட்பதும், இறக்குவதுமாக ஆறு தடவை போய்வந்தோம். ஆறாவது தடவை ராஜா மைக்கைத் தின்றார், கூட்டம் இருமியது. மூன்றாம் நம்பரில் பெரிய மணிகள் ஓய்ந்ததும் பாயின் விரல் எழுந்தது. லூர்துமேரி கை தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாய்க்கு மட்டும் திருப்தி இல்லை. பஸ்ஸில் வரும்போது சொன்னார்: “மணி வர்ற எடம் எனக்கு மனப்பாடம். கேட்டுத் தூக்கினேனா, பழக்கத்துல தூக்கினேனா? எனக்கே தெரியல. நான் கேக்காத பதிவு ஒண்ணு நீ தேடி எடு. மணி எங்க வருதுன்னு மூச்சு விடாத. இந்த வாட்டியும் மழுப்பினேன்னா உன் ஸ்டுடியோவ இடிச்சுருவேன்.”

தேடினேன். பழைய பதிவு ஒன்று கிடைத்தது. அதில் பெரிய மணிகள் ஓய்ந்த பிறகு சின்ன மணி வழக்கத்தைவிட ரொம்பத் தாமதமாக வருகிறது. நாலு தடவை கேட்டு, இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டேன்.

வைகாசிக் கல்யாணத்தன்று விடிந்ததும் மண்டபத்துக்குப் போய்விட்டோம். பிரபாகர் பாயின் காதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “என்னங்க பாய், காதுல மெஷின மாட்டிக்கிட்டு மைக்செட்டா?”

“மாதவராஜு கண்ணாடி மாட்டிக்கிட்டுத்தான் போட்டோ எடுக்கறாரு. அவர ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?” என்றார் பாய். பிரபாகர் என் கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் போய்விட்டார்.

கதவையெல்லாம் சாத்தினோம். நான் தேடி எடுத்த ஆறாவது பதிவைப் போட்டேன். பாய் காலி மண்டபத்தின் நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஆண்கள் பாடினார்கள், பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், பெரிய மணிகள் அடித்து ஓய்ந்தன. வழக்கமாகச் சின்ன மணி வருகிற இடம் வந்தது. விரல் அசையவில்லை. இந்தப் பதிவில் அங்கே மணி வராது என்று எனக்குத் தெரியும். பிறகு அந்தத் தூரத்து மணி ஒலித்தது. அதே கணம் விரல் எழுந்தது.

நான் நிறுத்தப் போனேன். அவர் இன்னொரு கையால் இரு என்று காட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மறுபடியும் விரலைத் தூக்கினார்.

மழுப்புவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். “பாய், மணி ஒரு தடவதான். நான் நாலு வாட்டி கேட்டேன்.”

“ரெண்டு. திருப்பிப் போடு. ஸ்பீக்கருகிட்டப் போய் நில்லு.”

திருப்பிப் போட்டுவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். முதல் மணி அடித்தது. அது முழுக்கத் தேய்ந்து போன பிறகு, அதற்கும் பின்னால், இன்னொரு மணி, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு. நான் திரும்பிப் பார்த்தேன். பாயின் விரல் மேலே இருந்தது.

நோட்டை எடுத்தார். முதலில் மூன்றாம் நம்பர் பக்கத்தைத் திருப்பி, ‘திருட்டு வேலை’ என்பதை அடித்து, ‘மணி உண்டு, தப்பு என்னுடையது’ என்று எழுதினார். அடுத்த பக்கத்தில், ‘ஆறு: மணி இரண்டு. மாதவராஜுக்கு ஒன்று.’

“முப்பது வருசமா நீயும் எங்கூட ஸ்பீக்கரு பக்கத்துலதான நிக்கற” என்றார். அவர் குரலில் கேலியே இல்லை. “திங்கக்கெழம தருமபுரி போலாம். லூர்துமேரிகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

பிறகு மண்டபத்துக் கதவுகளைத் திறந்துவிட்டு, கல்யாணப் பாட்டைப் போட்டார்.