பால் காய்ச்சாத கொட்டகை

நெய்வேலிச் சுரங்கத்தை எட்ட நின்றாவது பார்த்துவிட வேண்டும் என்று பல வருட ஆசை. ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை வாய்த்தது. காலை ஆறரைக்குக் கடலூரில் பஸ் ஏறி, குள்ளஞ்சாவடி, வடலூர் வழியாக எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சுரங்க நிறுவனத்தின் நகரியக் குவார்ட்டர்ஸில் இருக்கும் நண்பர் வீட்டில் இட்லி. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அவர் ஒரு போன் போட்டார். நான் காபி குடித்து முடிப்பதற்குள் ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனார், காசு கேட்காமல். கொடுத்துவைத்த மனுஷன்!

சுரங்கத்தைப் பார்க்கக் கம்மாபுரம் பக்கம் போய்வர ஆட்டோவுக்கு நானூறு ரூபாய் பேசினேன். பாதி வழியில் போன் வந்ததும் ஓட்டுநர் செல்வம் வண்டியை ஓரங்கட்டினார்.

"சார், வூட்டாண்ட ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாங்களா? காண்ட்ராக்ட் ஆளுங்க பால எடுத்துக்கினு வந்து நிக்கிறாங்களாம்."

பாலுக்கா இந்தப் பதற்றம் என்று கேட்டேன். சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது செல்வம் குடியிருந்த இடமும் போய்விட்டது. மனை தரும்வரை ஆறு மாசம் தகரக் கொட்டகையில் இருக்கச் சொன்னார்கள். மூன்று வருஷமாகி, தகரமும் ஓட்டை விழுந்துவிட்டது. அங்கே எந்த அடுப்பிலும் பால் காய்ச்சுவதில்லையாம். காய்ச்சினால் குடிபுகுந்ததாக ஆகிவிடும், இதுதான் உன் வீடு என்று தலையில் கட்டிவிடுவார்கள் என்ற பயம்.

"கொழந்தைக்கு?"

"டீக்கடையில காச்சனத வாங்கியாறோம் சார்."

நாங்கள் போனபோது செல்வத்தின் மனைவி லட்சுமி வாசலை மறித்து நின்றிருந்தார். உள்ளே கைக்குழந்தை விடாமல் இருமிக்கொண்டிருந்தது. காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் கையில் பால் பாக்கெட், புதுப் பானை. இன்னொருவர் போட்டோ எடுக்கத் தயாராக இருந்தார். அவர்கள் வேனில் புதுத் தகரம் அடுக்கியிருந்தது. வானம் வேறு கருத்துவிட்டது.

"பால் காய்ச்சும்மா, ஒரு போட்டோ. இன்னைக்கே கூரை மாத்திடறோம். அதுக்கப்புறம் ஓட்டையோ கரண்ட்டோ, எல்லாம் உங்க செலவு."

செல்வம் தடுமாறினார். "கொழந்தைக்கு இளைப்பா இருக்குதே, லட்சுமி..."

லட்சுமி பாக்கெட்டை வாங்கினார். பல்லால் கடித்துத் திறந்து, இரண்டு டம்ளரில் அப்படியே ஊற்றி நீட்டினார்.

"வூடு தேடி வந்தவங்க வெறும் வாயோட போவக்கூடாதுங்க. பச்சப் பாலுதான். குடிச்சிட்டு கூரையப் போட்டுக் குடுங்க. எங்கள இங்க குந்த வெச்சது நீங்கதான?"

யாரும் டம்ளரைத் தொடவில்லை. வேன் தகரத்தோடு திரும்பிப் போனது.

இந்தச் செலவு யாருடையது என்று பட்டிமன்றம் வைக்க ஒன்றுமில்லை. இடத்தை எடுத்தவர்கள் மனை கொடுக்கும்வரை கூரைக்கும் அவர்களே பொறுப்பு. அந்த சூப்பர்வைசர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

சுரங்கத்தை நான் பார்க்கவில்லை. போகிறவர்கள் அனுமதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கடலூருக்குத் திரும்ப மாலைவரை பஸ் உண்டு.

மழைக்காலத்தில் போனால் குடை அவசியம். தூறல் விழுந்ததுமே செல்வம் ஆட்டோவின் இரண்டு பக்கப் படுதாவையும் கழற்றி, குழந்தை படுத்திருந்த இடத்துக்கு மேலே கட்டிவிட்டார். அவர் வண்டியில் ஏறினால் தொப்பலாக நனைவீர்கள். ஏறுங்கள்.